கியர் விழாத நாள்

விவாகரத்து மனுவின் கடைசி விசாரணைக்கு நாங்கள் இருவரும் ஒரே காரில் போவதாக இருந்தது. இதில் விசேஷம் எதுவும் இல்லை. நான் பாப்பனம்கோட்டில் இருந்தேன். அவர் கரமனையில், ஒரு அக்ரஹார வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தார். கோர்ட் இருக்கும் வஞ்சியூருக்குக் கரமனை வழியாகத்தான் போகவேண்டும். இருவரும் சம்மதித்துக் கொடுத்த மனு, வக்கீலும் ஒருவர்தான். சண்டையெல்லாம் முந்தின வருஷமே தீர்ந்துபோயிருந்தது.

காலையில் அந்தத் தெருவில் காரை நிறுத்தினேன். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுடன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கிளட்சை மிதித்து கியரைத் தள்ளினேன், விழவில்லை. மறுபடி தள்ளினேன். உள்ளே ஏதோ கரகரவென்று அரைத்தது. ரிவர்ஸும் அப்படியே.

கியர்பாக்ஸ் போயிருக்கும் என்றார் அவர். அவருக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. முதலில் பெரிய பழுதைச் சந்தேகிப்பது அவர் வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காரை தினமும் ஓட்டியவள் நான். ஒரு வாரமாகவே கிளட்ச் மிதி காலுக்குக் கீழே தொளதொளவென்று இருந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டு கியரைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாமே வழுக்கிக்கொண்டு விழுந்தன.

"ஆஃப் பண்ணினா விழுது, பாருங்க."

அவரும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். "அப்போ கியர்பாக்ஸுக்கு ஒண்ணும் இல்ல. கிளட்ச் விடல்ல, அதாக்கும் காரியம்."

இறங்கி பானெட்டைத் திறந்தார். கிளட்ச் ஆயில் டப்பாவில் அளவுக்கோட்டுக்கு வெகு கீழே கொஞ்சம்தான் மிச்சம். குனிந்து கியர்பாக்ஸின் பக்கவாட்டில், கிளட்சைத் தள்ளும் சிறிய சிலிண்டரைத் தடவினார். விரல்கள் நனைந்து வந்தன. எண்ணெய் அங்கேதான் கசிந்திருக்கிறது. மிதியை அழுத்தினாலும் தள்ளுவதற்கு உள்ளே எதுவும் இல்லை. சிலிண்டரை மாற்றினால் போதும் என்றார். எத்தனை நாளாக இப்படி, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். யாரிடம் சொல்வது என்று நான் கேட்கவில்லை. ஒரு வாரமாக என்று மட்டும் சொன்னேன்.

காரைத் தெருவோரமாகத் தள்ளிவிட்டு ஆட்டோ பிடித்தோம். அவருடைய சட்டைக் கையில் ஒரு கறை ஒட்டியிருந்தது. கைக்குட்டையால் தேய்க்கத் தேய்க்க அது பரவியது. கோர்ட்டில் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். முடிவில் மாற்றம் உண்டா, யாருடைய வற்புறுத்தலாவது உண்டா என்று மலையாளத்தில் கேள்வி. இல்லை என்று நானும் மலையாளத்திலேயே சொன்னேன். அவரும் அதையே சொல்லியிருக்க வேண்டும். காத்திருந்த நேரத்தோடு ஒப்பிட்டால் கேட்ட நேரம் ஒன்றுமேயில்லை. வெளியே வந்ததும் வக்கீல் இருவருக்கும் கை கொடுத்தார்.

கார் கரமனையில் நின்றதால் நானும் அவரோடு திரும்பிப் போகவேண்டியிருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடுவோம் என்றேன். இதற்கு மெக்கானிக் வேண்டாம் என்றார். வழியில் ஆட்டோவை நிறுத்தி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சிலிண்டரும் ஆயிலும் வாங்கினார். மாடிக்குப் போய் லுங்கிக்கு மாறி, ஸ்பானர்களோடு வந்தார். பழைய சிலிண்டரைக் கழற்றி ரப்பர் உறையை விலக்கியதும் கறுத்த எண்ணெய் சொட்டியது. புதியதை மாட்ட அதிக நேரம் ஆகவில்லை.

ஆனால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும், அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து கிளட்சை மிதிக்கவேண்டும். மற்றவர் சிலிண்டரில் உள்ள திருகைத் திறந்து மூடவேண்டும். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். திறந்திருந்த பானெட்டுக்குப் பின்னால் அவர் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"மிதி. பிடிச்சுக்கோ." திருகு திறக்கும் சத்தம், பிறகு மூடும் சத்தம். "செரி, விடு."

இதையே திரும்பத் திரும்பச் செய்தோம். ஒருமுறை நான் முன்னதாகவே காலை எடுத்துவிட்டேன், காற்று மறுபடி உள்ளே போனது. முன்பென்றால் அதிலிருந்தே ஒரு தர்க்கம் தொடங்கியிருக்கும். அன்று, சொன்ன பிறகு விடு என்று மட்டும் சொன்னார். நான் சரி என்றேன்.

நடுவில் கீழ்வீட்டு மாமி இரண்டு டம்ளரில் காப்பியோடு வந்தார். நான் ஆரியசாலையில் என் அண்ணன் கடைக் கணக்கைப் பார்ப்பதற்காக அம்மா வீட்டில் தங்கியிருக்கிறேன் என்று, விவாகரத்தை மறைத்து, மாமியிடம் இவர் சொல்லிவைத்திருந்தார் போலும்.

"அண்ணா கடைக் கணக்கெல்லாம் முடிஞ்சுதா? ரெண்டு பேரையும் சேந்தாப்ல இன்னிக்குத்தான் பாக்கறேன். காப்பி குடிச்சுட்டு மிச்சத்தைச் செய்யுங்கோ."

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன். அந்த மனுஷியிடம் தெருவில் நின்று விளக்கத் தோன்றவில்லை. நாங்கள் காரில் சாய்ந்துகொண்டு குடித்தோம். மாமி தன் மகள் பெங்களூரில் வாங்கிய காரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தோம்.

மாமி போனபின் மீண்டும் உட்கார்ந்து மிதித்தேன். காலுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பு கூடியது. கடைசியில் மிதி பழையபடி திடமாக நின்றது. இன்ஜினைப் போட்டு முதல் கியரைத் தள்ளினேன். சத்தமில்லாமல் விழுந்தது. அவர் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, பெயிண்ட்டில் சிந்தியிருந்த எண்ணெயைக் கழுவினார். அந்த எண்ணெய் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடுமாம்.

இரண்டு நாள் டப்பாவில் அளவைப் பார்க்கச் சொன்னார். பார்ப்பதாகச் சொன்னேன். பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது, நான் காரை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சேரும்வரை ஒன்றும் தோன்றவில்லை. காரை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தபோது மட்டும் கொஞ்சம் அழுதேன். மறுநாள் காலையில் அளவைப் பார்த்தேன், குறையவில்லை. அவருக்கு அப்படியே ஒரு வாட்ஸ்அப் அனுப்பினேன். நல்லது என்று பதில் வந்தது. அதன்பிறகு எங்களுக்குள் பேச விஷயம் எதுவும் வரவில்லை. அவர் வேலை மாறி குஜராத் பக்கம் ஒரு துறைமுகத்துக்குப் போய்விட்டதாக வக்கீல்தான் பின்னொருநாள் சொன்னார்.