முனியாண்டிக்கு நேர்ந்த சேவல்

என் தங்கையின் வலது கைக் கட்டைவிரல் இனி மடங்காது என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டிலிருந்து சட்டை தைத்துக் கொடுப்பவள். கத்திரிக்கோல் பிடிக்க அந்த விரல் வேண்டும். அதில் இறங்கிய கத்தி வேறொருவர் கையில் இருந்தது. ஆனால் காரணம் நான். அதைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன். பிறந்தது தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். மனைவி இறந்த பிறகு இங்கிலாந்தில் மகளோடு வசிக்கிறேன். அங்கே போய்த்தான் இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர், தேன் எல்லாவற்றையும் விட்டேன். வீகன் என்கிறார்கள். மகள் விட்டாள், நானும் விட்டேன் என்பது வெளியே சொல்லும் காரணம். உண்மையான காரணம் என் கை. பிரம்பு முறியும்வரை பிள்ளைகளை அடித்தவன் நான். மனைவியையும் அடித்திருக்கிறேன். ஒருமுறை அவளுடைய காதிலிருந்து இரத்தம் வந்தது. எந்த உயிரையும் நோகடிக்காத சாப்பாட்டைச் சாப்பிட்டால் கையிலிருக்கும் வெறி அடங்கும் என்று நம்பினேன். அடங்கியது போலத்தான் இருந்தது. அங்கே என்னை எதிர்த்துப் பேச யாருமில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

போன வருடம் என் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்தார்கள். உடம்பு தேறியதும் தங்கையைப் பார்க்க வந்தேன். அவளும் கணவரும் கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் இருக்கிறார்கள். அவர் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறார். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு, பெட்டி நிறைய சோயாப் பால்மாவும் பருப்பு வகைகளுமாக, சொந்த ஊருக்கே அந்நியனாக வந்து இறங்கினேன்.

முதல் நாளே தகராறு. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, தேங்காய்ச் சம்பல் என்று பரிமாறியிருந்தாள். சம்பலை வாயில் போட்டதும் கருவாட்டு ருசி.

"இதுல மீன் போட்டியா?"

"மீனா? மீன் எங்கண்ணே இருக்கு? மாசி மட்டும் கொஞ்சம் இடிச்சுப் போட்டேன், ருசிக்கு."

அவள் பொய் சொல்லவில்லை. மாசி காய்ந்த மீன்தான், ஆனால் இங்கே அடுப்படியில் அதை யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. உப்பு, மிளகாய்த் தூளோடு சேர்ந்தது அது. நானும் அப்படிச் சாப்பிட்டு வளர்ந்தவன்தான். இருந்தும் சாப்பாட்டுப் பீங்கானைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பருப்பு வழிந்து தையல் மெஷின்மேல் இறங்கியது. தங்கை துணி எடுத்துத் துடைத்தாள்.

"மச்சான், தேங்காயத் துருவறப்ப அது கத்துனது உங்களுக்குக் கேக்கலியா?" என்றார் அவள் கணவர்.

"நீங்க சும்மா இருங்க" என்று அவரை அடக்கிவிட்டு அவள் என்னிடம், "பால் தேத்தண்ணியாவது குடிங்கண்ணே. அண்ணனுக்கு வெறுந்தேத்தண்ணி குடுத்தாளுன்னு நாலு பேரு பேசுவாங்க" என்றாள். அதற்கும் கத்தினேன்.

அன்றிலிருந்து நான் அடுப்படியில் நின்று ஒவ்வொரு சட்டியாகத் திறந்து மோந்து பார்த்தேன். கண்டி டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் குழம்பில் கிடந்த கரண்டியாலேயே எனக்குப் பருப்பு ஊற்றினார் என்று பரிமாறியவரின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். "விடுங்க ஐயா, வலிக்குது, வலிக்குது" என்றார் அவர். விட எனக்கு மனம் வரவில்லை. அதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தில் ஒரு சிவப்புச் சேவலைக் காலில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் ஒதுக்கிய சோற்றை அதற்குத்தான் போட்டேன். என்னைக் கண்டால் கொக்கரித்துக்கொண்டு ஓடிவரும். ஒரு காலையில், இதை ஏன் அவிழ்த்து விடக்கூடாது என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் தாண்ணே. முனியாண்டிக்கு நேந்து விட்டது."

"யாருக்காக?"

"உங்களுக்காகத்தான். உங்க நெஞ்ச அறுக்கிறாங்கன்னு மக போன்ல அழுதுச்சு. நான் அங்க வரவா முடியும்? அண்ணன் உயிரோட வந்து என் வாசப்படி மிதிச்சா ஒரு சேவல் குடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன்."

"என் பேர்ல ஒரு உயிர் போகக்கூடாது. அத அறுத்தா அடுத்த பிளேன்ல ஏறிருவேன்."

"ஏறுங்க. உயிரோட ஏறுங்க. அதுக்குத் தானே நேந்துகிட்டேன்."

"சேவலுக்குப் பதிலா ஒரு பூசணிக்காய வெட்டு."

"டொக்டரு உங்களுக்குப் பூசணிக்காயவா அறுத்தாரு மச்சான்?" என்றார் கணவர்.

தங்கை சிரிக்கவில்லை. "வேண்டுனதக் குடுக்கலன்னா அவரு உங்களத் தான் எடுப்பாரு. நீங்க என்னய அடிச்சாலும் சரி, நான் குடுப்பேன்" என்றாள். அவள் வாழ்நாளில் என்னை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

வெள்ளிக்கிழமை கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குப் போனோம். வரவேண்டாம் என்றுதான் சொன்னாள். எப்படியும் தடுத்துவிடலாம் என்று நானும் த்ரீவீலில் ஏறினேன். சேவல் அவள் மடியில் கிடந்தது. அவள் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தாள்.

தேயிலை மலைக்கு நடுவே ஒரு மரமும் அடியில் குங்குமம் பூசிய கல்லும்தான் கோயில். பூசாரி கவ்வாத்து வேலை செய்து ஓய்ந்தவர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய அதே கத்தியைத்தான் அங்கேயும் வைத்திருந்தார்.

"வாங்க வாத்தியாரே. ஒரு காலத்துல இந்த எடத்துல வெட்டு உங்களுது தானே."

உண்மை. ஆசிரியர் பயிற்சிக்குப் போகுமுன் இந்தக் கல்லின்முன் சேவல்களையும் கிடாக்களையும் வெட்டியவன் நான். ஒரே வெட்டு என்று தோட்டத்தில் எனக்குப் பெயர். கழுத்து விட்டுப்போகும்போது மணிக்கட்டில் ஏறும் அதிர்வு எனக்குப் பிடித்திருந்தது. கத்தியைப் பார்த்ததும் உள்ளங்கை அரித்தது.

சேவலின் தலையில் பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது உடம்பைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலிர்க்காமல் யாரும் வெட்டமாட்டார்கள். சேவல் அசையாமல் கண்ணை மூடித் திறந்தது. மறுபடி தெளித்தார். அசைவில்லை.

"பாருங்க, சாமிக்கே வேண்டாமாம்" என்றேன்.

"பொறுங்க வாத்தியாரே. அவரு யோசிக்கிறாரு."

தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. சாமி சேவலை மறுத்தால் அண்ணனைக் கேட்கிறது என்றுதான் அவளுக்குப் பொருள். அவள் கல்லைப் பார்த்து, "வாங்கிக்கப்பா, எங்க அண்ணன விட்டுருப்பா" என்றாள். பூசாரி மூன்றாம் முறை தெளித்தார். சேவல் உடம்பெல்லாம் சிலிர்த்து உதறியது.

தங்கை சிரித்துவிட்டாள். கண்ணீரோடு, சின்னப் பிள்ளை மாதிரி. அவளே சேவலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பூசாரி கொண்டையைப் பிடித்துக் கழுத்தை இழுத்துக் கத்தியை ஓங்கினார்.

சேவலைக் காப்பாற்றப் பாய்ந்தேன் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். பொய். அந்த நொடியில் எனக்குச் சேவல் நினைவே இல்லை. என் பேச்சை மீறிவிட்டுச் சிரிக்கிறாளே என்பதுதான். அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். அவள் தடுமாற, கை மேலே போக, கத்தி இறங்கியது. கட்டைவிரலின் அடியில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அடுத்து இரத்தம் பீறிட்டுக் கல்லிலும் என் சட்டையிலும் அடித்தது. சேவல் சிறகடித்துத் தேயிலைக்குள் மறைந்தது.

நான் அதோடும் நிற்கவில்லை. "கொலைகாரா" என்று கத்தியபடி பூசாரியை நெஞ்சில் உதைத்துத் தள்ளினேன். கத்தியை விட்டுவிட்டு அந்தக் கிழவர் மல்லாந்து விழுந்தார். காலை மறுபடி தூக்கினேன். தங்கையின் கணவர் என் தலைமயிரைப் பிடித்து இழுத்து வாயில் குத்தினார். பல்லொன்று ஆடியது. பிறகுதான் தங்கை முனகும் சத்தம் எனக்குக் கேட்டது.

துவாய் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் த்ரீவீலில் என் பக்கத்தில் இருந்தாள். துவாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"சேவலு?" என்றாள்.

"ஓடிருச்சு. நீ வாய மூடிக்கிட்டு வா" என்றார் கணவர் முன்னாலிருந்து.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, என் ரத்தம் கல்லுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்ப சரி. வாங்கிக்கிட்டாரு." கண்ணை மூடி என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் தேங்காய் உடைக்கும்போது கத்தி வழுக்கிவிட்டது என்று சொன்னாள். கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருந்ததை டொக்டர் பார்த்தார். என்னையும் பார்த்தார். அவள் அதையே திரும்பச் சொன்னாள். பூசாரியிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் கதவைத் திறக்கவில்லை.

நான் புறப்படும் நாளன்று கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அவள் சமைத்தாள். வேண்டாம் என்று தடுக்க எனக்குத் தைரியமில்லை. பீங்கானை இடது கையில் கொண்டுவந்து நீட்டினாள்.

"இடது கையால குடுக்கிறேன்னு நெனைக்காதீங்கண்ணே. சம்பல்ல மாசி போடல. கரண்டியும் வேற தான்."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மோந்து பார்க்கவில்லை. அவள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டு முடித்தேன்.