வீட்டுக்குப் பொதுவான ஹார்ட் டிஸ்க்

சண்டை நடந்த அந்த வருடங்களில் எங்கள் வீட்டுக் கதவடியில் ஒரு நைலோன் பை எப்போதும் தொங்கும். எங்கள் ஊரான அன்புவழிபுரத்தில் அநேகமாக எல்லா வீடுகளிலும் அப்படி ஒன்று இருந்தது. காணி உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள். சோற்றுப்பானையை விட்டு ஓடினாலும் அந்தப் பையை விட்டு ஓடக் கூடாது. துறைமுகத்துப் பக்கம் செல்குண்டு விழுந்த ஒரு நாள் கோயில் மண்டபத்துக்கு ஓடினோம். மழையில் பை நனைந்து, அப்பாவின் மரணச் சான்றிதழ் பாதி அழிந்துபோயிற்று. எல்லாவற்றையும் ஸ்கான் செய்துவிடுவதென்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எனக்குக் கணினி வேலை. வீட்டில் அம்மா, அண்ணா, அண்ணி, அவர்களுடைய மகள், நான். அண்ணாவின் கணினி முன் விறாந்தையில் இருந்தது. என் பழைய மடிக்கணினி குசினிக்குப் பக்கத்து அறையில். அவருடைய கணினியில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, அலுமாரிக்கு மேல் வயர்லெஸ் றவுட்டரை வைத்து, இரண்டு கணினிகளையும் இணைத்தேன். டிஸ்க்கை யாருடன் பகிர்வது என்று கணினி கேட்டது. ‘எல்லோருக்கும்’ என்று கொடுத்தேன். ஒரு வீட்டுக்குள் என்ன பூட்டு என்று நினைத்த விசரி நான்.

அண்ணாவுக்கு எல்லாம் விளங்கப்படுத்தினேன். தலையாட்டினார். நான் போடுவது அவருக்குத் தெரியும் என்பது மட்டும்தான் அவருக்கு விளங்கியது. அவர் போடுவது எனக்கும் தெரியும் என்பது விளங்கவில்லை. வயர் தன் கணினியில்தானே செருகியிருக்கிறது என்ற நினைப்பு.

கோயில் மண்டபத்திலிருந்து திரும்பிய அன்று அம்மாவுக்கு முன்னால் அவர்தான் சொன்னார்: “இருந்தா எல்லாரும் இருப்பம், போனா எல்லாரும் போவம். தனிச்சு ஒருத்தரும் வெளிக்கிடக் கூடாது.” அதை நம்பித்தான் கொழும்புக் கிளைக்கு வந்த இடமாற்றத்தை நான் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். முகாமையாளர் இரண்டாம் தரமும் கேட்டார். வீட்டை விட்டு வர ஏலாது என்று பெருமையாகவே சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கிளினிக் கொப்பியை ஸ்கான் செய்து போடப் போனபோது, ‘அம்மா’ என்று ஒரு கோப்புறை கிடந்தது. நான் போட்டதல்ல. படங்களாக்கும் என்று திறந்தேன். அம்மாவின் புதுக் கடவுச்சீட்டு இருந்தது. அண்ணியின் தமையன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய அழைப்பு இருந்தது. அண்ணாவின் விசா விண்ணப்பத்தில் உடன் வருவோர் என்ற இடத்தில் மனைவி, மகள், தாய். இணைத்திருந்த சான்றிதழ்கள் எல்லாம் நான் ஸ்கான் செய்து, கோணல் பார்த்து நிமிர்த்திவிட்டவை.

கடைசியில் ஒரு கடிதம். ‘எனது தாயாருக்கு என்னைத் தவிர வேறு பிள்ளைகள் இல்லை.’ அதன் அடியில் அண்ணாவின் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் உண்மையென்று உறுதிப்படுத்தி அம்மாவின் கையெழுத்து. கடைசி எழுத்து வழக்கம்போல மேலே ஏறிக் கிடந்தது. அதற்கு முந்தின மாதம் அம்மாவுக்குக் கண் காட்டப் போகிறோம் என்று சொல்லி அண்ணாவும் அம்மாவும் கொழும்புக்குப் போனது இதற்குத்தான். விடிய எழும்பி இடியப்பம் அவித்துப் பார்சல் கட்டிக் கொடுத்தவள் நான். எழும்பி அம்மாவிடம் போனேன்.

அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா.

“நீங்க கையெழுத்து வைச்ச கடுதாசியில என்ன எழுதியிருக்கெண்டு தெரியுமோ அம்மா?”

துருவலை நின்றது. “ஓம் பிள்ளை. கொண்ணன் வாசிச்சுக் காட்டினவன். இன்னொரு பிள்ளை இருக்கெண்டா என்னைக் கூட்டிக்கொண்டு போக ஏலாதாம்.” என் முகத்தைப் பார்க்காமலே, “நீ கெட்டிக்காரி, எப்பிடியும் சமாளிப்பாய்” என்றா. திரும்பவும் துருவத் தொடங்கினா.

அண்ணா செய்ததைக்கூட என்றைக்காவது மன்னிப்பேன். அம்மாவின் அந்தக் ‘கெட்டிக்காரி’ என்ற ஒரு சொல்லை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அறைக்கு வந்து கோப்புறையைத் திறந்தேன். ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் அழித்திருக்கலாம். முழு அனுமதியும் எனக்கு இருந்தது. மனம் வரவில்லை. அம்மாவாவது செல் சத்தம் கேட்காத இடத்தில் இருக்கட்டும். அதற்குப் பதிலாக, தாயின் பெயர் தெளிவாகத் தெரிகிற என் பிறப்புச் சான்றிதழின் பிரதியை அந்தக் கோப்புறைக்குள் போட்டேன். அண்ணா பார்ப்பார், பார்த்தால் என்னிடம் வந்து ஏதாவது கதைப்பார் என்று ஒரு ஆசை.

மறுநாள் வேலையால் வந்து பார்த்தேன். மற்றவையெல்லாம் அப்படியே இருந்தன. என்னுடையதை மட்டும் காணவில்லை.

அண்ணா பிளேன் ரீயுடன் என் அறை வாசலில் வந்து நின்றார். நான் கதிரையைத் திருப்பினேன். “தங்கச்சி, அந்த டிஸ்க் என்ர கணினியில மட்டும் தெரியிற மாதிரி மாத்தித் தாறியோ?” என்று கேட்டார். தேநீர் எனக்குத்தான் கொண்டு வந்திருந்தார்.

“ஓம் அண்ணா” என்றேன். விறாந்தைக்குப் போய் அவருடைய கதிரையில் இருந்து, ‘எல்லோருக்கும்’ என்பதை எடுத்துவிட்டு அவருடைய பெயரை மட்டும் விட்டேன். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டுமே; அது என் தொழில். திரும்பி வந்து மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. “சரி அண்ணா, இனி எனக்குத் தெரியாது” என்று விறாந்தைக்குக் கேட்கச் சொன்னேன்.