தை ஒன்றாம் தேதி கல்லுக்கு வெளியே உதித்த சூரியன்

நாக்பூர்ப் பக்கத்துப் பழங்காலக் கல்வட்டங்களைப் பார்க்க எந்த நாளில் போகலாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நாள் குறிக்க நல்ல ஆளைப் பிடித்தீர்கள்! 1965 ஜனவரியில், பொங்கலன்று நான் போனேன். அந்த நாளைக் குறித்ததும் நான்தான்.

அப்போது மாதுங்காவில் குடியிருந்தேன். ஒரு மெஷின் கம்பெனியில் வரைபடம் போடும் வேலை. எங்கள் செம்பூர் ஒர்க்‌ஷாப்பில் ஞானராஜ் ஃபிட்டர். தாராவியில் வீடு, திருநெல்வேலிக் கிறிஸ்தவர். ரசமட்டம் வைக்காமலே மெஷின் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

1963 டிசம்பரில் நாக்பூர் அருகே ஒரு குவாரியில் கல் உடைக்கும் மெஷின் மாட்டப் போனவர், பக்கத்திலேயே அந்தக் கல்வட்டத்தைப் பார்த்திருக்கிறார். நடுவில் குழிகள் கொத்திய பலகைக்கல். அதிலிருந்து தென்கிழக்கே நாற்பது தப்படி தூரத்தில், ஆள் உயரத்தைத் தாண்டிய இரண்டு நெடுங்கற்கள். இடையே ஒரு முழச் சந்து.

“கிறிஸ்மஸுக்கு நாலு நாளைக்கு முந்தி அண்ணாச்சி. சூரியன் அந்தச் சந்துக்குள்ளதான் எந்திச்சுது. என் கண்ணால பாத்தேன்லா.”

மறுவருடம் குவாரி அந்தக் கற்களை நெருங்கிவிட்டது. ரிப்பேருக்குப் போன ஞானராஜ் ஓவர்சீயரிடம் கெஞ்சினார். அவரும் ஒரு காலை வந்து பார்ப்பதாகவும், சொன்னது நிஜமானால் வேறு பக்கம் வெட்டச் சொல்லி எழுதுவதாகவும் ஒப்புக்கொண்டார். அதுவரை கல்லைத் தொடமாட்டார்கள்.

ஞானராஜ் கிறிஸ்மஸுக்கு முன்பே போகலாம் என்றார். நான் சுவரில் தொங்கிய பஞ்சாங்கக் காலண்டரைக் காட்டினேன். உத்தராயணம் பிறப்பது தை ஒன்றில். தெற்கே போன சூரியன் திரும்புகிற நாளுக்குத்தானே கல் நட்டிருப்பார்கள்? “நீர் பலகைக்கல்லை விட்டுத் தள்ளி நின்று பார்த்திருப்பீர்” என்றேன். படித்தவன் சொன்னதால் அவரும் அந்த நாளுக்கே ஒப்புக்கொண்டார்.

தாதரில் ரயில் ஏறினால் நாக்பூர் 830 கிலோமீட்டர், ஏறக்குறைய பதினெட்டு மணி நேரம். அங்கிருந்து ஜீப்புக்குப் பன்னிரண்டு ரூபாய். முந்தின நாள் மாலையே கற்களைப் பார்த்தோம். நெடுங்கல்லின் அடிமண்ணை ஞானராஜ் விரலால் விலக்கினார். உள்ளே சின்னச் சின்ன ஆப்புக்கற்கள்.

“மெஷினுக்கு அடியில நாங்க தகடு சொருகுதோம்லா, அதே வேலை. பாத்துப் பாத்துத் திருத்தி நிறுத்தியிருக்கான்.”

பொங்கலன்று காலை 6.30க்கு ஓவர்சீயர் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். மூவரும் பலகைக்கல்லில் நின்றோம். 6.50 தாண்டியதும் சூரியன் எழுந்தது. சந்துக்குள் இல்லை. இடப்பக்கக் கல்லுக்கும் வெளியே, வெட்டவெளியில்.

“சூரஜ் உதர், பத்தர் இதர்” என்றார் ஓவர்சீயர். சூரியன் அங்கே, கல் இங்கே. கேலியாகக்கூடச் சொல்லவில்லை. ஞானராஜ் கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி மறுபடி பார்த்தார். நாங்கள் ஜீப்பில் ஏறும்போதே கல்லில் துளை போடும் சத்தம் கேட்டது.

இரண்டு வருடம் கழித்து என் மகளின் பூகோளப் புத்தகத்தில் படித்தேன். சூரியன் நிஜமாகத் திரும்புவது டிசம்பர் 21, 22ல். பஞ்சாங்கக் கணக்கு வேறு. நாங்கள் போனபோது அது திரும்பி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அன்றே தாராவிக்குப் போனேன். ஞானராஜ் ஒரு மாவு மெஷினுக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்தார், திருப்பி வைத்தார், மறுபடி பார்த்தார்.

“இப்பல்லாம் கண்ணை நம்பிச் செய்யதில்ல அண்ணாச்சி” என்று சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு, நாள் குறித்ததில் தப்பு என்னுடையது என்று சொல்லாமலே வந்துவிட்டேன். எத்தனையோ தடவை சந்தித்தோம். அவர் சாகும்வரை சொல்லவில்லை. வெட்கக்கேடு, வேறென்ன.

நாங்கள் பார்த்த கற்கள் ரோட்டுக்கு ஜல்லியாகிவிட்டன. அந்த வட்டாரத்தில் வேறு கல்வட்டங்கள் மிச்சம் உண்டு. நல்ல குளிர், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். காலை 6.15க்கே போய்விடுங்கள். கிறிஸ்மஸுக்கு நாலு நாளைக்கு முந்திப் போங்கள். இந்த நாளை எனக்குச் சொன்னவர் தாராவி ஞானராஜ். அவர் பார்த்தது சரி.