இடக்கைக் கோடு

தண்ணீருக்குள் மின்சாரத்தை இறக்குவது சென்னியப்பனுக்குப் புதிதல்ல. நாமக்கல்லில் சேந்தமங்கலம் சாலைப் பட்டறையில் போர்வெல் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவதுதான் அவர் பிழைப்பு. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. மற்றதெல்லாம் பிரித்துப் பார்த்துக் கற்றது. அப்படிப்பட்டவரைப் பொத்தான் அளவு சென்சார் ஒன்று ஐப்பசியிலிருந்து அலைக்கழித்தது.

மகள் மலர்விழிக்குத் தை மாதம் சேலத்தில் நீச்சல் தேர்வு. தேறினால் விளையாட்டு விடுதியில் இடம். ஐம்பது மீட்டரில் இன்னும் கொஞ்சம் வேகம் வர வேண்டும். பயிற்சி செய்ய இருப்பதோ மாமன் தோட்டத்து வட்டக் கிணறு. அதில் சுவரோரமாக வட்டமடித்துத்தான் நீந்த முடியும். குறை எங்கே என்று மேலிருந்து பார்த்தால் பிடிபடவில்லை. அதனால் கைவீச்சை அளக்கும் சென்சார்களை மணிக்கட்டுக்கு ஒன்றாகக் கட்டிவிட்டார். தண்ணீருக்குள் புளூடூத் எட்டாது. அவள் மேலே வந்த பிறகுதான் பதிவைப் போனில் கோடுகளாகப் பார்க்க முடியும்.

வலக்கைக் கோடு நன்றாக எழும்பியது. இடக்கைக் கோடு அதில் பாதிதான்.

"தண்ணி புகுந்திருச்சு," என்றார். முதல் தடவை அது உண்மையும்கூட. மோட்டார் கேபிள் இணைப்புக்கு ஊற்றும் பிசினையே ஊற்றி அடைத்தார். மறுபடியும் பாதி. புதுச் சென்சார் வாங்கினார். அதுவும் பாதி. சலித்துப்போய், இடக்கைக் கணக்கை மட்டும் உயர்த்திக் காட்டும்படி புரோகிராமை மாற்றினார். இரண்டு கோடுகளும் சமமாயின. வேகம் மட்டும் நகரவில்லை.

"ஏனுங்கப்பா, கோடெல்லாம் நல்லாத்தான இருக்குது? நான் மட்டும் ஏன் அப்படியே கெடக்கறேன்?"

"மெசின்ல இன்னும் கொஞ்சம் வேலை இருக்குது சாமி."

"உங்களுக்கு எப்பவும் மெசின்லதான் வேலை."

மார்கழிக் கடைசியில் பட்டறைக்கு ஒரு மோட்டார் வந்தது. மூன்று வயர்களில் ஒன்றில் ஓடும் ஆம்ப்ஸ் குறைவு. வழக்கம்போல வயர்களை இடம் மாற்றிப் போட்டார். குறைச்சல் வயரோடு நகர்ந்தால் கோளாறு மோட்டாரில்; லைனிலேயே நின்றால் வருகிற மின்சாரத்தில். சென்சாருக்கு மட்டும் இதைச் செய்து பார்க்கவில்லை. தினமும் செய்கிற சோதனை. மோட்டாரை நம்பாதவர் மகளின் கையைச் சந்தேகிக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் சென்சார்களைக் கை மாற்றிக் கட்டினார். ஏற்றிக் காட்டும் கணக்கையும் எடுத்துவிட்டார். குறைச்சல், சென்சாரோடு போகவில்லை; இடக்கையிலேயே நின்றது.

படியில் துண்டோடு நின்ற மனைவி நர்மதா சொன்னாள்: "ஏனுங்க, இவ என்னிக்குமே இடது பக்கமாத்தான சுத்தறா? வலக்கை இழுத்து இழுத்துத் திருப்புது. இடக்கைக்கு என்ன வேலை?"

"அந்தப் பக்கமாவும் சுத்தறதுக்கென்ன?"

"அந்தப் பக்கமா வந்தா மோட்டார் குழாயோட வளைவு மண்டையில இடிக்கும், அப்படிப் போகாதன்னு சின்னதுலயே மெரட்டி வெச்சது நீங்கதானுங்க."

மலர்விழி தண்ணீரில் மிதந்தபடியே கேட்டாள்: "அப்ப மெசின் மொதல்லயே சொல்லிருச்சா?"

"சொல்லுச்சு."

"நீங்கதான் அதோட வாய அடைச்சீங்களா?"

அவர் குழாயைக் கயிறு போட்டுச் சுவரோடு இறுக்கிக் கட்டினார். தேர்வுக்கு ஒரு வாரம்கூட இல்லை. அவள் எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். ஒழுங்காகத் திரும்ப அவளுக்கு வரவில்லை. தோள் சுவரில் உரசியது. மேலே வந்து, சிராய்ப்பைத் துடைக்காமல் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். பழக்கமில்லாத பக்கம் என்பதால் இடக்கைக் கோடு முன்னைவிடவும் தாழ்ந்து கிடந்தது.

"இதைச் சரிபண்றேன்னு எதையும் தொட்டுப்போடாதீங்க," என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் குதித்தாள்.