சைரன் அடித்தால் டீ

போன வாரம் ஒரகடம் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தொழிற்சாலை வேலைக்குத் தயாராகும் பெண்கள். பாதிப் பேர் தென் மாவட்டங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். 'மனசு எப்படிக் கற்றுக்கொள்கிறது?' – இதுதான் தலைப்பு.

அந்தப் பழைய நாய் சோதனையில் ஆரம்பித்தேன். சோறு வைக்கும்போதெல்லாம் மணி அடித்துப் பழக்கினால், பிறகு வெறும் மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெண்கள் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சைரன் அலறியது.

நான் பேச்சை விட்டுவிட்டுப் பதறி வாசலைப் பார்த்தேன். அவர்களோ சிரித்த முகம் மாறாமல் எழுந்து, பேசிக்கொண்டே வெளியே நடந்தார்கள். தீ என்றால் கூடவேண்டிய மைதானத்துக்கு அல்ல... கேன்டீனுக்கு!

சைரன் அடித்ததே கேன்டீனிலிருந்து வந்த புகையால்தான். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்திருந்தது.

பாதுகாப்புப் பயிற்சியாளர் தேன்மொழி – சிங்கப்பெருமாள் கோவில்காரர் – குறுக்கே ஓடி, இரண்டு கைகளையும் விரித்து மறித்தார். "இன்னா, அங்க போய்க்கினு கீறீங்க? கிரவுண்டுக்குப் போங்க!"

அதற்குள் முன்னால் போன முத்துச்செல்வி என்ற பெண் கேன்டீன் கதவைத் திறந்துவிட்டாள். குப்பென்று அடித்த அனலில் அவள் புருவம் பொசுங்கியது. தேன்மொழி அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார். சமையல்காரர் கேஸை மூடித் தீயை அணைத்துவிட்டார். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் தேன்மொழியிடம் போய்க் கேட்டேன். அதென்ன, எல்லோரும் கேன்டீனுக்கு?

தேன்மொழி தயங்கித் தயங்கிச் சொன்னார். முன்பெல்லாம் தீ விபத்து ஒத்திகைக்குச் சைரன் அடித்தால் யாரும் இடத்தை விட்டு அசைய மாட்டார்களாம். அதனால் ஒத்திகை முடிந்ததும் கேன்டீனில் டீயும் போண்டாவும் தர ஆரம்பித்தார். பிறகு ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். மைதானத்தில் போய் நிற்பது மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் நேரே டீதான்.

நல்ல எண்ணத்தில் செய்தது. யாரைக் குறை சொல்ல?

புருவத்தில் மருந்தோடு உட்கார்ந்திருந்தாள் முத்துச்செல்வி. சைரன் அடித்தால் எங்கே போகவேண்டும் என்று உனக்குச் சொல்லித்தரவில்லையா என்று கேட்டேன்.

"தெரியும்க்கா. பரீட்சைல சரியாத்தான் எழுதியிருந்தேன். கால்தான் அங்க போயிட்டு."

நாம் எதைச் சொல்லித்தருகிறோம், அவர்கள் எதைக் கற்றுக்கொள்கிறார்கள்!

பரீட்சையெல்லாம் தலைக்குத்தான் வைக்கிறோம்... தீப்பிடித்தால் ஓடவேண்டியது கால்!