வெளுக்காத பல்லுக்கு எத்தனை பேஸ்ட்

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடி பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலையில் இருந்தேன். அதற்கு முன்னால் கல் குவாரி, தக்காளி லோடு, ரோஜாத் தோட்டத்தில் மருந்தடிப்பது என்று எங்கெங்கோ திரிந்தவன். வெயில் படாத வேலையும் மத்தியானம் சூடான சாப்பாடும் அங்கேதான் கிடைத்தன. அதை விட மனமில்லை.

தினமும் கேட்டில் வாயைத் திறந்து காட்ட வேண்டும். பாக்கு, புகையிலை போடுகிறவனை உள்ளே விடமாட்டார்கள். தின்பண்டம் செய்கிற இடம், நியாயம்தான். என் முன்பல் இரண்டிலும் பழுப்புக் கோடு உண்டு. சுற்றிலும் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைத் திட்டு. எங்கள் ஊர் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான். ஊரில் இருந்தவரை அது ஒரு விஷயமாகவே படவில்லை.

புதிதாக வந்த சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். முதல் நாளே என்னை ஓரமாக நிறுத்திவிட்டார்.

“என்னடே, பாக்கு போடுதியோ?”

“இல்லீங்க சார். சின்னதுல இருந்தே இப்பிடித்தாங்க. எங்கூர்ல எல்லாருக்கும் இருக்குங்க.”

“ஊரே பாக்கு போடுதுன்னு சொல்லு. அடுத்த மாசம் சுத்தம் பாக்க ஆடிட்காரன் வாரான். அதுக்குள்ள பல்லு வெளுக்கணும். இல்லைன்னா வேற இடம் பாத்துக்க.”

பாக்கு போடாதவன் எதைக் காட்டி அதை நிரூபிப்பான்? அன்று சாயங்காலமே பேஸ்ட் வாங்கினேன். முதலில் வாங்கியதில் வெண்மை தரும் என்று எழுதியிருந்தது. அடுத்தது கரி போட்ட கறுப்புப் பேஸ்ட். அப்புறம் உப்பு, கிராம்பு, வேம்பு. நான் ஏழாவதோடு நின்றவன். டியூப்பின் முதுகில் இருக்கிற இங்கிலீஷை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் ஷிப்டுக்கு நேரமாகிவிடும். கூடத் தங்கியிருந்த ஐ.டி.ஐ. பையன் படித்துச் சொன்னான்: தேய்ப்பதற்குச் சுண்ணாம்புத் தூளும் சிலிக்காவும், நுரைக்குச் சோப்புச் சரக்கு, காயாமல் இருக்க சார்பிடால், இனிப்புக்குச் சாக்கரின், கடைசியில் கொஞ்சம் ஃப்ளோரைடு.

“மொத்தத்துல சுண்ணாம்பும் சோப்பும்ணா. அழுத்தித் தேயி.”

அழுத்தித் தேய்த்தேன். ஈறில் ரத்தம் வந்தது. டீ குடித்தால் பல் கூசியது. கோடு அசையவில்லை.

பிறகு மெடிக்கல் ஷாப். “ஏனு பேக்கு?” என்று என்ன வேண்டுமெனக் கேட்டார் கன்னடக்காரரான கடைக்காரர். வாயைக் காட்டினேன். கொப்பளிக்கிற மருந்தை எடுத்து வைத்து, “ஆஸ்பத்திரில குடுக்கறதே இதுதான், ஸ்ட்ராங்கு” என்றார். காலையும் இரவும் கொப்பளித்தேன். நாக்கில் ருசி செத்துப்போனது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கொஞ்ச நாளில் எல்லாப் பல்லும் பழுப்பேறிவிட்டது.

“ரெண்டு பல்லுல போட்டது பத்தலயாய்யா?” என்று கேட் செக்யூரிட்டி சிரித்தான்.

புட்டியை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

“ஈறு வீங்கினா நாலு நாள் போடறது அது. டீயும் குடிச்சிட்டு இதையும் தினம் போட்டா கறை பிடிக்கும்தானே?” என்றார் கடைக்காரர்.

“இதை விக்கும்போதே சொல்றதுக்கென்னங்க?”

“நீ கேக்கலையே.”

கடைசியில் ஓசூரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். வாயைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “எந்த ஊரு?” சொன்னேன். “போர் தண்ணியா?” என்றார். கொப்பளித்ததால் வந்த கறையை மிஷினால் எடுத்துவிட்டார். பழைய கோட்டைத் தொடவில்லை.

“மேல படிஞ்சதுதான் தேச்சா போகும். இது பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே உள்ள ஏறினது. தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தி.”

“அதையேதானுங்களே பேஸ்ட்லயும் போடறான்?”

“அளவா இருந்தா பல்லுக்கு பலம். நீங்க அளவு மீறிக் குடிச்சு வளந்திருக்கீங்க. இப்ப தேச்சே மேல்பூச்சையும் கரைச்சுட்டீங்க.”

மறுநாள் கறுப்புப் பேஸ்டையும் பிரஷையும் கொண்டுபோய் கேட்டிலேயே சூப்பர்வைசரிடம் நீட்டினேன். “நீங்களே தேய்ங்க சார். போற கறையான்னு பாருங்க.”

கோபத்தில்தான் சொன்னேன். அவர் நிஜமாகவே கையுறை மாட்டிக்கொண்டு தேய்த்தார். செக்யூரிட்டி டார்ச் அடித்தான். பின்னால் வரிசையில் நின்றவர்கள், “சார், எங்களுக்கும் ஒரு கை” என்று கத்தினார்கள். நான் துப்பிவிட்டு வாயைத் திறந்தேன்.

“அசைய மாட்டேங்கு,” என்றார். “இதை முதல்லயே சொல்லிருக்கலாம்லா?”

பிரஷை உதறிப் பையில் போட்டுக்கொண்டேன். உள்ளே போகச் சொன்னார்.

ஆடிட்டர் வந்தார். இயந்திரத்தைப் பார்த்தார், தலையில் மாட்டிய வலைக்குள் முடி அடங்கியிருக்கிறதா என்று பார்த்தார், நகத்தைப் பார்த்தார். வாயைப் பார்க்க அவருக்கு வழியே இல்லை. லைனில் நிற்கிற அத்தனை பேரும் மாஸ்க் போட்டிருந்தோம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் சட்டம்.

வேலை இருக்கிறது. பல் கூச்சத்துக்கென்று டாக்டரம்மா எழுதிக்கொடுத்த வேறொரு பேஸ்டை விரலால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.