பலகையில் எழுதி வைத்த பாஸ்வேர்டு

2025 ஜனவரி 6, திங்கட்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தரைக்குப் பால் வாங்கினேன். ஏழேகாலுக்கு அவனியாபுரத்தில் என் ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைத் தூக்கினேன். முந்தைய நாள் ரசீதுகளைத் துளையிட்டுக் கோப்பில் சேர்த்தேன். ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடியைத் துடைத்தேன்.

பொங்கல் நெருங்கினால் ஜெராக்ஸைவிட மாட்டுப் பதிவுதான் எனக்குப் பெரிய வேலை. வாடிவாசலில் காளையை அவிழ்க்க இணையத்தில் பதிந்து டோக்கன் வாங்க வேண்டும். அன்று மாலை ஐந்து மணிக்குப் பதிவு திறந்து மறுநாள் மாலை ஐந்துக்கு மூடிவிடும்.

மாலை ஐந்தேகாலுக்கு ஒரு அம்மா வந்தார். பக்கத்துப் பட்டறையில் வேலை பார்ப்பவர், சொந்தமாக ஒரு காளை வளர்க்கிறார். போன வருடம் டோக்கன் கிடைக்கவில்லை. அதனால் இந்த முறை கால்நடை மருத்துவரின் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு முதல் ஆளாக வந்திருந்தார்.

பதிவுத் தளத்தின் முகவரியை அடித்தேன். ‘இந்தப் பக்கம் பாதுகாப்பானதல்ல’ என்று ஒரு சிவப்பு எச்சரிக்கை வந்தது. பழைய கம்ப்யூட்டர், இப்படி அடிக்கடி வரும் என்று வழக்கம்போலத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். ரசீதில் ஒரு தேதி பிசகினால் சண்டை போடுகிற ஆள் நான். அந்தத் தள்ளலை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் குமட்டுகிறது.

ஆதார் எண், காளையின் விவரம் எல்லாம் அடித்தேன். கடைசியில் டோக்கன் கட்டணம் பத்து ரூபாய் என்று வங்கி அட்டை எண்ணைக் கேட்டது. போன வருடம் கட்டணம் கிடையாது. “இந்த வருசம் புதுசு போலம்மா” என்று சொல்லி அதையும் அடித்தேன். அவர் போனுக்கு ஓடிபி வந்தது. எண்ணைச் சொல்லாமல் செய்தியை முழுதாகப் படித்தார்.

“அண்ணே, நிப்பாட்டுங்க. பத்து ரூவான்னீங்க, இதுல ஆயிரக் கணக்குல வருது.”

“அப்படி வராதும்மா. அரசாங்கப் பக்கம்.”

“அரசாங்கம் எதுக்குண்ணே ஏதோ ஒரு கடைப் பேர்ல காசு கேக்குது? மெஷினத் தொடைக்கிற துணியில உங்க கண்ணாடியவும் தொடைங்க.”

உடனே வங்கிக்குப் பேசி அட்டையை முடக்கினோம். பணம் போகவில்லை. ஆதார் எண் போனது போனதுதான். அதே முகவரியை என் போனில், அதன் சொந்த டேட்டாவில் திறந்தேன். எச்சரிக்கையும் இல்லை, கட்டணமும் இல்லை. கோளாறு என் கடை வைஃபையில்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போக, நான்கு வருடம் முன்பு அதை மாட்டியவர் சொன்ன பாஸ்வேர்டே போதுமானதாக இருந்தது. எல்லா ரவுட்டருக்கும் பொதுவாக வருவது அது. தேதி போட்டு நோட்டில் குறித்து வைத்தேனே தவிர, மாற்றவில்லை. எந்த முகவரியைக் கேட்டால் எங்கே போவது என்று வழிகாட்டும் இடத்தில் நான் போடாத எண் இருந்தது; அதுதான் எங்களைப் போலிப் பக்கத்துக்குத் திருப்பியிருக்கிறது. கடையில் நாலு கருவிதான். ரவுட்டரில் இணைந்தவற்றின் பட்டியலில் பத்தொன்பது. என் சீப்பில் யார் யார் முடியோ சிக்கிக் கிடப்பதைப் பார்த்ததுபோல் இருந்தது.

கதவைத் திறந்து விட்டவனும் நானே. போன பொங்கலுக்கு ஜல்லிக்கட்டுப் பார்க்க வந்த கூட்டத்தில் சிக்னல் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் பந்தல் போட்டு மோர் கொடுப்பார்கள். நான் என் பங்குக்கு வைஃபை பாஸ்வேர்டை வெளிப்பலகையில் சிவப்புப் பெயின்டால், அடிக்கோலை வைத்துக் கோணாமல் எழுதினேன். வருடம் முழுக்க அது அங்கேயே இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவனோ, பிறகு வந்த எவனோ, மோரைக் குடித்துவிட்டுப் பானைக்குள் துப்பிப் போயிருக்கிறான்.

ரவுட்டரின் பின்துளையில் குண்டூசியை அழுத்திப் பழைய அமைப்பையெல்லாம் அழித்தேன். வைஃபைக்கு ஒன்று, அமைப்புப் பக்கத்துக்கு வேறொன்று என்று இரண்டு புதிய பாஸ்வேர்டு போட்டேன். அதன் மென்பொருளைப் புதுப்பித்தேன். பிறகு வெளியே வந்து பலகையை பிளேடால் சுரண்டினேன். எதிர் லேத் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணே, வைஃபைய மூடிட்டீங்களா? பொங்கலும் அதுவுமா வர்ற ஆளுகளுக்கு இல்லேன்னா எம்புட்டு அசிங்கம்!”

“உள்ள வந்து பாரு மாப்ள, அசிங்கம் எம்புட்டுன்னு தெரியும்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பதிவேட்டை எடுத்தேன். இங்கே விண்ணப்பம் போட்ட ஒவ்வொருவர் பெயரும் போன் எண்ணும் வரிசையாக இருந்தன. எத்தனை பேருடைய விவரம் இப்படிப் போயிற்றோ. ஒவ்வொருவருக்கும் நானே பேசிச் சொல்ல வேண்டும்.

உண்மையான தளமோ அதற்குள் நெரிசலில் முடங்கியிருந்தது. ஏழு மணிவரை முயன்றும் திறக்கவில்லை. அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, சான்றிதழையும் காளையோடு தான் நிற்கும் படத்தையும் என் மேசையிலேயே வைத்தார்.

“நான் போறேண்ணே. டோக்கன் வரலேன்னா மாட்டக் கொண்டாந்து உங்க கடைக்குள்ளதான் கட்டுவேன்.”

மறுநாள் காலை ஐந்து மணி. பால் வாங்கப் போகவில்லை. முதல் வேலையாகப் போனின் சொந்த டேட்டாவில், முகவரியை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து, அவருடைய காளையைப் பதிந்தேன்.